செவ்வாய்க் கிரகத்தின் வானிலைப் பத்தி

பத்திரிகைத் தொழிலில் நீங்கள் முதலில் எழுதிய பத்தி எது என்று இளைய சகபாடிகள் சில வேளைகளில் என்னிடம் கேட்பதுண்டு. அது அரசியற் பத்தியோ இலக்கியப் பத்தியோ அல்ல, வானிலைப் பத்தி. கலைப்பீடத்தில் புவியியல் படித்தவன் என்ற ஒரே தகுதியைக் காரணங்காட்டி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆசிரியபீடத்தில் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். மாலையானதும் வளிமண்டலவியல் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல, நகரங்களின் பெயர்களுக்கு எதிரே கூடிய வெப்பநிலை, குறைந்த வெப்பநிலை, மழைவீழ்ச்சி ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். கொழும்பு, கண்டி, நுவரெலியா என்று எண்கள் ஒழுங்காக வரும். வடக்கின் சில இடங்களுக்கு மட்டும் பல நாட்களில் எண் வராது. அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புவேன். அது போர்க்காலம். அன்று அங்கே மழை பெய்யவில்லை என்பதல்ல அந்தக் கோட்டின் பொருள். பெய்ததை அளந்து சொல்ல வழியில்லை என்பதே.

அமைச்சர் ஒருவர் அன்று பேசியதை இன்றும் தேடிப்பிடித்து எழுதலாம். ஒரு சம்பவத்தின் சாட்சிகளை முப்பது வருடங்களுக்குப் பின்னரும் கண்டு கேட்கலாம். ஆனால் அன்று அளக்காமல் விட்ட மழையை இன்று யாராலும் அளக்க முடியாது. அந்தக் கோடுகள் கோடுகளாகவே இருந்துவிடும்.

இந்தப் பழங்கதையை இங்கே எடுத்ததற்குக் காரணம் செவ்வாய்க் கிரகம். அங்கேயும் இப்படியான கோடுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று பதினைந்து வருட நீளமானது.

செவ்வாய் ஆய்வு என்றவுடன் எமது பத்திரிகைகள் மூன்று கேள்விகளையே கேட்கின்றன. அங்கே உயிர் இருந்ததா? தண்ணீர் இருந்ததா? எந்த நாடு முந்திக்கொண்டது? இன்று அங்கே காற்று எப்படி வீசுகிறது என்ற நான்காவது கேள்வியை எவரும் கேட்பதில்லை. கடந்த அரை நூற்றாண்டில் அக்கிரகத்துக்குச் சென்ற கலங்களின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்தவற்றுள் அந்த நான்காவது கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே எனது கருத்து. விண்வெளி நிறுவனங்களும் அதனைச் சில்லறை வேலையாகவே நடத்தி வந்திருக்கின்றன. பத்திரிகையாளராகிய எமக்கும் அந்தப் பழியில் பங்குண்டு.

முதலில் அந்தக் காற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது மிக மெல்லியது. அதில் 95 சதவீதம் காபனீரொட்சைட்டு. நிலமட்டத்தில் அதன் அமுக்கம் சராசரியாக 6 மில்லிபார் அளவுதான். எமது கடல்மட்ட அமுக்கமோ 1013 மில்லிபார். 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த 'த மார்ஷன்' திரைப்படத்தின் தொடக்கத்தில் விண்கலத்தையே சரிக்கின்ற புயலொன்று காட்டப்படுகிறது. அது நடக்காத காரியம். செவ்வாயில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, எமது முகத்தில் ஒரு மெல்லிய கடற்காற்றுப் போலவே படும்.

இவ்வளவு மெல்லிய காற்றுக்கு வானிலை என்று ஒன்று இருக்குமா என்று நினைக்கத் தோன்றும். இருக்கிறது, அதுவும் எமது கற்பனைக்கு எட்டாத வகையில். குளிர்காலத்தில் துருவப் பகுதி அவ்வளவு குளிர்ந்துவிடுவதால், காற்றே உறைந்து நிலத்தில் படிந்துவிடுகிறது. காற்றின் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு என்பதால், கிரகம் முழுவதிலும் அமுக்கம் காற்பங்கு அளவுக்குக் குறைந்து, வசந்தத்தில் மறுபடியும் ஏறுகிறது. பூமியில் அமுக்கம் 950 மில்லிபாருக்கு இறங்கினால் நாம் அதனைக் கொடுஞ் சூறாவளி என்போம். அது ஆறு சதவீத வீழ்ச்சி மட்டுமே. செவ்வாயிலோ காற்பங்கு வீழ்ச்சி என்பது பருவ மாற்றத்தின் ஒழுங்கான பகுதி. பல்கலைக்கழகத்தில் நாம் மாறன் மண்டலம் என்று படித்தது பூமத்திய கோட்டுக்கு அண்மையில் பதினாறு, பதினேழு கிலோமீற்றருடன் முடிந்துவிடும். செவ்வாயில் அதற்கு ஒப்பான கீழ் வளிமண்டலம் நாற்பது கிலோமீற்றர் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது.

இவற்றை அளந்து காட்டியவை வைக்கிங் கலங்கள். வைக்கிங் 1 இறங்கியது 1976 ஜூலை 20 ஆம் திகதி. அதனைத் தொடர்ந்து புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளிமண்டலவியலாளர் சீமோர் ஹெஸ் இன்னொரு கிரகத்தின் முதலாவது வானிலை அறிக்கையை வெளியிட்டார். மெல்லிய காற்று, நள்ளிரவின் பின் திசை மாற்றம், கூடிய வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர். வெப்பநிலை விடியலின் பின் மறை 86 பாகை செல்சியஸ், பிற்பகலில் மறை 30 பாகை. அமுக்கம் 7.70 மில்லிபார், மாற்றமில்லை. நான் மாலைதோறும் தொலைபேசியில் எழுதிக்கொண்ட அதே வடிவம். மனித குலத்தின் பெரும் சாதனைகளுள் ஒன்று நான்கு வரிகளில், எந்தப் பெயரடையும் இன்றிச் சொல்லப்பட்டிருந்தது. பத்திரிகை மொழியில் அதைவிட நல்ல உரைநடையை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் வைக்கிங்குக்கு ஐந்து வருடங்களுக்கு முன்னர் நடந்ததைச் சொன்னால்தான் வானிலையின் விலை விளங்கும். 1971 செப்ரெம்பரில் பூமியிலிருந்த தொலைநோக்கிகள் செவ்வாயில் ஒரு புழுதிப் புயல் கிளம்புவதைக் கண்டன. சில வாரங்களில் அது கிரகம் முழுவதையும் மூடிக்கொண்டது. அந்த வேளையில் மூன்று கலங்கள் செவ்வாயை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. ஐக்கிய அமெரிக்காவின் மரினர் 9 நவம்பர் 14 ஆம் திகதி சென்றடைந்தது. அது வேறொரு கிரகத்தைச் சுற்றிய முதலாவது கலம். கீழே பார்த்தபோது புழுதித் திரையும் நான்கு கரும்புள்ளிகளும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மரினருக்குப் பூமியிலிருந்து புதிய கட்டளைகளை அனுப்ப முடிந்தது. எனவே படம் பிடிப்பதை ஒத்திவைத்துக் காத்திருந்தார்கள். 1972 ஜனவரியளவில் புழுதி அடங்கியபோது, அந்தக் கரும்புள்ளிகள் மாபெரும் எரிமலைகளின் உச்சிகள் என்பது தெரியவந்தது.

சோவியத் ஒன்றியத்தின் மார்ஸ் 2, மார்ஸ் 3 ஆகிய இரண்டுக்கும் அந்த வசதி இருக்கவில்லை. எப்போது எதனைச் செய்ய வேண்டும் என்பது முன்னரே அவற்றில் பதியப்பட்டிருந்தது. புயலுக்குள்ளேயே தமது இறங்கு கலங்களை அவை விடுவித்தன. மார்ஸ் 2 இன் இறங்கு கலம் நவம்பர் 27 ஆம் திகதி மோதி நொறுங்கியது. மார்ஸ் 3 இன் இறங்கு கலம் டிசெம்பர் 2 ஆம் திகதி பத்திரமாகத் தரையைத் தொட்டது. செவ்வாயில் மென்மையாக இறங்கிய முதலாவது மனிதப் படைப்பு அதுவே. ஏறத்தாழ இருபது விநாடிகள் சமிக்ஞை அனுப்பிவிட்டு அது ஓய்ந்துவிட்டது. மௌனத்துக்குப் புயல்தான் காரணம் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. காற்றை அளந்து சொல்ல அங்கே வேறெதுவும் இருக்கவில்லை. இங்கேயும் ஒரு கோடுதான்.

அந்தப் புயலிலிருந்து வேறொரு பாடமும் கிடைத்தது. மேலே மிதந்த புழுதி சூரிய ஒளியை உறிஞ்சியதால் மேற்காற்று சூடேறியது. ஒளி குறைந்த நிலம் குளிர்ந்தது. இதனை மரினரின் கருவி அளந்தது. அந்த அளவீடுகளை வைத்துச் சிந்தித்தவர்களுள் கார்ல் சேகன், ஜேம்ஸ் பொலக், ஓவன் டூன் ஆகியோரும் அடங்குவர். அவர்கள் வேறு இருவரோடு சேர்ந்து 1983 டிசெம்பரில் வெளியிட்ட ஆய்வுதான், அணுவாயுதப் போரொன்றின் புகை பூமியையே இருட்டாக்கிக் குளிர வைக்கும் என்ற 'அணுக் குளிர்காலம்' பற்றிய எச்சரிக்கை. அதன் கணக்குகள் எவ்வளவு தூரம் சரி என்ற விவாதம் பின்னர் நெடுங்காலம் நடந்தது. எவ்வாறாயினும், வல்லரசுகளைச் சங்கடப்படுத்திய ஒரு கேள்வியின் விதை செவ்வாயின் ஒரு புழுதிப் புயலில் விழுந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

வைக்கிங் 2, 1980 இல் ஓய்ந்தது. வைக்கிங் 1, 1982 நவம்பரில் ஓய்ந்தது. அதன் பின்னர் செவ்வாயின் நிலத்தில் வானிலையை அளக்க 1997 ஜூலை 4 ஆம் திகதி பாத்ஃபைண்டர் இறங்கும்வரை எதுவும் இல்லை. நான் பாடசாலையில் படித்து, பல்கலைக்கழகம் சென்று, பட்டம் பெற்று, வானிலைப் பத்தி எழுதி, அந்தப் பத்தியிலிருந்து விடுதலை பெறும்வரையான காலம் முழுவதும் அந்தக் கிரகத்தின் வரிசையில் ஒரே கோடு. அந்தப் பதினைந்து வருடங்களில் அங்கே எத்தனை இரவுகளில் உறைபனி விழுந்தது, எத்தனை பிற்பகல்களில் சுழல்காற்று எழுந்தது என்பவற்றை இனி எந்த வல்லரசும் எந்தப் பணத்தைக் கொடுத்தும் அறிய முடியாது.

முயற்சி இல்லாமல் இல்லை, துரதிர்ஷ்டம் இருந்தது. செவ்வாயின் வானிலைக் கருவிகளைப் போல் சனி பிடித்த கருவிகள் வேறில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. வளிமண்டலத்தை விளிம்பிலிருந்து நோக்கி, ஒவ்வோர் உயரத்திலும் வெப்பநிலை, தூசு, நீராவி என்பவை எவ்வளவு என்று அளக்கும் அகச்சிவப்புக் கருவி ஒன்றை நாசாவின் டானியல் மக்லீஸ் தலைமையிலான குழு உருவாக்கியது. அதனைச் சுமந்து சென்ற மார்ஸ் ஒப்சேவர் 1993 ஓகஸ்ட் மாதத்தில், செவ்வாயை அடைய மூன்று நாட்கள் இருக்கையில் மௌனமானது. அதே வகைக் கருவியை மீண்டும் செய்து மார்ஸ் கிளைமட் ஓர்பிற்றரில் அனுப்பினார்கள். இன்னொரு கிரகத்துக்கென அனுப்பப்பட்ட முதலாவது வானிலைச் செய்மதி அது. 1999 செப்ரெம்பர் 23 ஆம் திகதி அதுவும் அழிந்தது. ஒரு தரப்பின் கணினி நிரல் உந்துவிசையை இறாத்தல் கணக்கில் கொடுத்தது. மறு தரப்பு அதனை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. வளிமண்டலத்துக்கு மேலாகச் செல்ல வேண்டிய கலம் ஏறத்தாழ 57 கிலோமீற்றர் உயரத்துக்குத் தாழ்ந்துபோய்விட்டது. வளிமண்டலத்தை ஆராயப் போன கலத்தை வளிமண்டலமே விழுங்கியது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த அலகுக் குழப்பத்தை எள்ளி நகையாடின. நானும் ஒரு பெட்டிச் செய்தி எழுதினேன். அக்கலம் எதனை அளக்கப் போனது என்பதை அந்தப் பெட்டிக்குள் நான் எழுதவில்லை.

பட்டியல் அத்துடன் முடியவில்லை. சிறு வானிலை நிலையங்களைச் சுமந்த ரஷ்யாவின் மார்ஸ் 96, 1996 நவம்பரில் பூமியிலேயே திரும்பி விழுந்தது. வானிலைக் கருவிகளோடு தென்துருவத்தை நோக்கிச் சென்ற மார்ஸ் போலர் லாண்டர் 1999 டிசெம்பரில் தொலைந்தது. நான்கு நிலையங்களை ஒருங்கே இறக்கத் திட்டமிட்ட பிரான்சின் நெற்லாண்டர் திட்டம் 2003 இல் கைவிடப்பட்டது. இத்தாலிய விஞ்ஞானிகளின் வானிலைக் கருவித் தொகுதியோடு சென்ற ஐரோப்பாவின் ஷியாபரெல்லி 2016 ஒக்ரோபரில் மோதி உடைந்தது. மக்லீஸ் குழுவினரின் கருவி மட்டும் மூன்றாவது முறையாக, இலகுவான புதிய வடிவில், மார்ஸ் ரெக்கொனைசன்ஸ் ஓர்பிற்றரில் ஏறி 2006 இல் வெற்றிகரமாகச் சென்றடைந்தது. ஒரே கேள்விக்காக இரண்டு கலங்களை இழந்து, மூன்றாவதற்காக வரிசையில் நின்ற அந்த மனிதரின் பொறுமையைப் பற்றி எந்தப் பத்திரிகையாவது ஞாயிறு இதழில் ஒரு பக்கம் ஒதுக்கியதா என்று தெரியவில்லை. உலகக் கிண்ணத்தை இரண்டு முறை தவறவிட்ட அணித்தலைவருக்கு ஒதுக்குவோம்.

வானிலையை முன்கூட்டி அறிந்ததால் தப்பிய கதையும் உண்டு. ஸ்பிரிற் ஊர்தி 2004 ஜனவரி 4 ஆம் திகதி இறங்கவிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் செவ்வாயில் புழுதிப் புயலொன்று எழுந்தது. புழுதி காற்றைச் சூடாக்கினால் காற்று விரியும். பரசூட் விரியும் உயரத்தில் அடர்த்தி மாறும். பரசூட் நினைத்த அளவுக்குப் பிடித்து நிறுத்தாது. அப்போது செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த மார்ஸ் குளோபல் சேவேயர் இந்தச் சூட்டை அளந்து சொன்னது. பொறியியலாளர்கள் பரசூட் விரியும் நேரத்தை முற்படுத்தினார்கள். அத்துடன், பக்கவாட்டுக் காற்று கலத்தை அடித்துச் செல்லக்கூடும் என்ற அச்சத்தால் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட ஒரு கமெரா முறையும் இறங்கும்போது வேலை செய்தது. அது பக்கவாட்டு வேகத்தைக் கண்டு, சிறு ரொக்கெட்டுகளால் திருத்த உதவியது. அடுத்த நாள் உலகம் படங்களைப் பார்த்துக் கைதட்டியது. மேலே வெப்பநிலையை அளந்த கருவிக்குக் கைதட்டல் கிடைக்கவில்லை.

இனி என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன். 2021 பெப்ரவரியில் பத்து நாட்களுக்குள் மூன்று நாடுகளின் கலங்கள் செவ்வாயை அடைந்தன. முதலில் வந்தது ஐக்கிய அரபு இராச்சியத்தின் அல் அமல், தமிழில் நம்பிக்கை. மறுநாள் சீனாவின் தியன்வென் 1. எட்டு நாட்கள் கழித்து அமெரிக்காவின் பெர்சிவியரன்ஸ். அன்று எங்கள் செய்திமேசையில் அமீரகச் செய்திக்குத் தலைப்பிட்டவன் நான். செவ்வாயை எட்டிய முதல் அரபு நாடு என்று போட்டேன். செய்தி நிறுவனம் அனுப்பிய பிரதியின் ஐந்தாவது பந்தியில் கலத்தின் நோக்கம் சொல்லப்பட்டிருந்தது. இடம் போதவில்லை. அதனை வெட்டினேன்.

வெட்டிய பந்தியில்தான் செய்தி இருந்தது. அக்கலம் உயிரைத் தேடவோ கொடியை நாட்டவோ போகவில்லை. செவ்வாயின் கீழ் வளிமண்டலத்தின் வானிலையை ஒரு நாளின் எல்லா நேரங்களிலும், ஒரு வருடத்தின் எல்லாப் பருவங்களிலும், கிரகம் முழுவதற்கும் பார்ப்பதற்காகப் போனது. இதன் அருமையை விளக்க எங்கள் தொழிலில் இருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். மார்ஸ் ரெக்கொனைசன்ஸ் ஓர்பிற்றர் அற்புதமான கலம். ஆனால் அதன் சுற்றுப்பாதை காரணமாக அது செவ்வாயின் பெரும்பாலான இடங்களை உள்ளூர் நேரப்படி பிற்பகல் மூன்று மணியளவிலும் அதிகாலை மூன்று மணியளவிலும் மட்டுமே கடக்கிறது. நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு மட்டும் ஒரு சந்தைக்குச் செல்லும் நிருபரை எண்ணிப் பாருங்கள். காலையில் மீன் வந்ததும், மாலையில் கடை கட்டியதும் அவருக்குத் தெரியாது. சந்தை எப்போதும் வெயிலில் தூங்கி வழியும் இடம் என்று அவர் எழுதுவார். அது பொய்யல்ல. அல் அமல் செவ்வாயிலிருந்து 20,000 முதல் 43,000 கிலோமீற்றர் வரையான தூரத்தில், 55 மணித்தியாலத்துக்கு ஒரு முறை சுற்றும் அகன்ற பாதையைத் தேர்ந்தது. அங்கிருந்து பார்க்கும்போது விடியல், நண்பகல், அந்தி, நள்ளிரவு எல்லாம் ஒரு சில சுற்றுகளுக்குள் கண்ணில் படும். திரட்டிய தரவுகளை 2021 ஒக்ரோபரில் இருந்து எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள்.

பணமுள்ள நாட்டின் விளம்பரம் என்று அன்று சிலர் சொன்னார்கள். விளம்பரம் இருந்தது, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்காகவே அனுப்பினார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துணையோடு கட்டப்பட்ட கலம் அது. ஏவியது ஜப்பானிய ரொக்கெட். ஆனால் விளம்பரம் மட்டும் தேவையென்றால் அதற்கு இலகுவான வழிகள் இருந்தன. மற்றவர்கள் செய்யாமல் விட்ட வேலை எது என்று விசாரித்து, அதனை எடுத்துக்கொண்டது அறிவான முடிவு.

இதில் அமீரகம் தனியாகவும் இல்லை. செவ்வாயின் வானிலை ஆய்வைக் கூர்ந்து பார்த்தால், அது பெரும்பாலும் பெரிய நாடுகளின் கலங்களில் விருந்தாளியாக ஏறிய நாடுகளின் உழைப்பு என்பது தெரியும். 2008 இல் வடதுருவத்துக்கு அருகே இறங்கிய பீனிக்ஸ் கலத்தின் வானிலை நிலையம் கனடாவினுடையது. முகில்களிலிருந்து பனி விழுவதை லேசர் கதிரால் கண்டுபிடித்தது அதுதான். அதே கலத்தில் காற்றில் ஆடி, திசையைக் காட்டிய சிறு ஊசலைச் செய்தது டென்மார்க்கின் ஓர்ஹுஸ் பல்கலைக்கழகம். கியூரியோசிற்றி, இன்சைட், பெர்சிவியரன்ஸ் மூன்றிலும் காற்றையும் வெப்பநிலையையும் அளக்கும் கருவிகள் ஸ்பெயினிலிருந்து வந்தவை. அமுக்கமானிகளுள் சில பின்லாந்தின் வானிலை நிறுவனத்தின் கைவேலை.

விருந்தாளி என்பதால் இருக்கையும் பின்வரிசையில்தான். கியூரியோசிற்றி 2012 ஓகஸ்டில் இறங்கும்போது கிளம்பிய கற்கள் பட்டதால் என்று ஊகிக்கப்படும் வகையில், அதன் இரண்டு காற்றுமானிகளுள் ஒன்று முதல் நாளிலேயே பழுதாகியிருந்தது. பெர்சிவியரன்ஸின் காற்றுமானிகள் 2022 ஜனவரிப் புழுதிப் புயலின்போது காற்றோடு வந்த துகள்களால் சேதமடைந்தன. காற்றை அளக்கும் கருவியைக் காற்றே உடைப்பது வேடிக்கையான செய்தியாகலாம். ஆனால் மேலே, பரசூட் விரியும் பத்துக் கிலோமீற்றர் உயரத்திலிருந்து தரைவரை காற்று எப்படி வீசுகிறது என்பதை நாள்தோறும் ஒழுங்காக அளக்கும் கருவி எதுவும் இதுவரை செவ்வாயைச் சுற்றவில்லை என்பதை அதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பெர்சிவியரன்ஸின் எடை ஒரு தொன். மனிதரை இறக்குவதற்கு இருபது தொன்னுக்கு மேற்பட்ட கலங்கள் தேவை என்கிறார்கள். அவற்றுக்குள் உயிருள்ளவர்கள் இருப்பார்கள்.

புழுதி எடுத்த உயிர்களையும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறு நாட்களுக்கென அனுப்பப்பட்டு பதினான்கு வருடங்களுக்கு மேல் உழைத்த ஒப்பர்சூனிற்றி ஊர்தி, 2018 இல் கிரகம் முழுவதையும் மூடிய புயலில் சூரிய ஒளி இழந்து, ஜூன் 10 ஆம் திகதியுடன் பேச்சை நிறுத்தியது. இருட்டுகிறது என்று அது கடைசியாகச் சொன்னதாக உலகமெங்கும் பரவிய உருக்கமான வாசகம் அதனுடையதல்ல. அது கடைசித் தரவுகளை ஒரு பத்திரிகையாளர் தன் சொற்களில் சுருக்கியது. எண்களுக்குக் கண்ணீர் வராது என்று நினைத்தார் போலும். சீனாவின் சுரொங் ஊர்தி 2022 மே மாதத்தில் குளிர்கால உறக்கத்துக்குப் போய், பின்னர் எழும்பவே இல்லை. அதன் சூரியத் தட்டுகளில் படிந்த தூசே காரணம் என்று கருதப்படுகிறது. அமெரிக்காவின் இன்சைட் அதே வருட டிசெம்பரில் அதே நோயால் இறந்தது. அதற்கு முன்னர் 2021 மே மாதத்தில் இன்சைட் குழுவினர் செய்த ஒரு வைத்தியத்தை நான் மறக்க மாட்டேன். தட்டைத் துடைக்க அவர்களிடம் எதுவும் இல்லை. ஆகவே இயந்திரக் கையால் மணலை அள்ளி, தட்டுக்கு அருகே மெல்லச் சிந்தினார்கள். காற்று அந்த மணலைத் தட்டின் மேலாக உருட்டிச் செல்லும்போது, பருமனான மணல் நுண்ணிய தூசைத் தட்டிக்கொண்டு போனது. மின்சாரம் சற்றுக் கூடியது. அடுப்படியில் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கிய எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதன் சூட்சுமத்தை விளக்கத் தேவையில்லை. அந்த வைத்தியத்தை நாளின் எந்த நேரத்தில் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கக் காற்று எப்போது பலமாக வீசும் என்பது தெரிந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே காற்றுமானி இருந்ததால் தெரிந்திருந்தது.

கிரகம் முழுவதையும் மூடும் புயல் எந்த வருடத்தில் வரும் என்பதை இன்றும் எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தென் அரைக்கோளத்தின் வசந்தத்திலும் கோடையிலும், செவ்வாய் சூரியனுக்கு அண்மையில் வரும்போது அது எழுகிறது என்பது தெரியும். 1971, 1977, 2001, 2007, 2018 என்று வந்திருக்கின்றன. இடையிலுள்ள வருடங்களில் அதே பருவம், அதே வெயில் இருந்தும் ஏன் வரவில்லை? செவ்வாயின் ஒரு வருடம் எமது 687 நாட்கள். கியூரியோசிற்றி 2012 இல் இருந்து அளந்துகொண்டிருந்தாலும் செவ்வாய்க் கணக்கில் அது ஒரு சிறு பிள்ளையின் வயது. ஒரு விவசாயி ஏழெட்டு மாரிகளைப் பார்த்துவிட்டு மழையின் குணம் தெரியும் என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.

எங்கள் கமக்காரனுக்கு நாளைய மழையைச் சரியாகச் சொல்ல முடியாத உலகத்தில் செவ்வாயின் காற்றை அளந்து யாருக்கு என்ன பயன் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பூமியின் காலநிலையைப் புரிந்துகொள்ள செவ்வாய் உதவும் என்று விண்வெளி நிறுவனங்கள் பணம் கேட்கும்போதெல்லாம் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. பாரிசிலுள்ள வளிமண்டல ஆய்வுகூடமொன்றில் பூமிக்கென எழுதப்பட்ட கணினி மாதிரியைத்தான் செவ்வாய்க்கும் மாற்றி எழுதினார்கள். கடலே இல்லாத ஓர் உலகத்தில் அது சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. ஆயினும் அந்த நியாயத்தை அளவுக்கு மீறி விற்கிறார்கள் என்பதே என் எண்ணம். எங்கள் கமக்காரனுக்குத் தேவை எங்கள் நாட்டிலேயே கூடுதலான மழைமானிகளும் ராடர்களும். செவ்வாயின் பெயரால் அவனுக்கு எதனையும் வாக்களிக்க வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. செவ்வாய்க்குப் போவது என்று பணமுள்ளவர்கள் முடிவெடுத்தாயிற்று. போகிறவர்கள் ஒவ்வோர் இறங்கு கலத்திலும் ஓர் அமுக்கமானியையும் உடையாத காற்றுமானியையும் வைக்கட்டும். கடைசி நேரத்தில் எடை கூடியபோது முதலில் கழற்றும் பொருளாக அதனை நடத்தாதிருக்கட்டும். 2021 நடுப்பகுதியில் கியூரியோசிற்றி, இன்சைட், பெர்சிவியரன்ஸ், சுரொங் என்று நான்கு நிலையங்கள் ஒரே காலத்தில் அங்கே அளந்துகொண்டிருந்தன. வரலாற்றில் அதுவே அதிக எண்ணிக்கை. அடுத்த வருட முடிவில் அது இரண்டாகிவிட்டது. மேலிருந்து வெப்பநிலையை அளக்கும் ரெக்கொனைசன்ஸ் ஓர்பிற்றரோ 2005 இல் ஏவப்பட்ட கிழவர்.

2022 டிசெம்பர் 21 ஆம் திகதி இன்சைட் முடிந்துவிட்டது என்ற அறிவித்தல் வந்தது. இம்முறை செய்தியை நானே எழுதினேன். நில அதிர்வுகளைக் கேட்கச் சென்ற கலம் என்பதோடு நிறுத்தாமல், அது நாள்தோறும் தன் ஊரின் வானிலை அறிக்கையை உலகத்துக்கு அனுப்பியதையும், தூசு மூடியதையும், மணல் சிந்திய வைத்தியத்தையும் இரண்டு பந்திகளில் சேர்த்தேன். மறுநாள் காலையில் பத்திரிகையைப் பிரித்தால் அந்த இரண்டு பந்திகளும் இல்லை. பக்கத்துக்குப் பொறுப்பான தம்பியிடம் கேட்டேன்.

"இடம் காணாமல் போட்டுது அண்ணை," என்றார்.